சீட்லெஸ், பன்னீர், கிஸ்மிஸ்: நம் கடற்கரை வீட்டுக்கு எந்தத் திராட்சை?

மாசி பிறந்துவிட்டால் நம் இராமநாதபுரம் கடலோரத்தில், மண்டபத்திலிருந்து உச்சிப்புளி போகும் வழியெல்லாம் தள்ளுவண்டிகள் பச்சையாகிவிடும். பங்குனி முடியும்வரை "சீட்லெஸ், சீட்லெஸ்" என்று ஒலிபெருக்கி ஓயாது. அந்த இரண்டு மாதமும் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: எதை வாங்குவது?

இந்த முறை மூன்று பேர் கேட்டார்கள். கீழக்கரையில் இருக்கும் என் தோழி, வீட்டில் நாற்பது பேருக்கு நோன்பு திறக்க ஏற்பாடு செய்கிறார். பழத்தட்டுக்கும் ஜூஸுக்கும் நெய்ச்சோற்றுக்கும் சேர்த்து சீட்லெஸ்ஸாகவே இரண்டு பெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டார். தொண்டியில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இரண்டு வயதில் பையன், சர்க்கரை நோயுள்ள மாமனார். விதையில்லாத பழம் என்றால் இருவருக்குமே பயமில்லைதானே என்பது அவள் கேள்வி. மூன்றாமவர் பெரியபட்டினத்துக்காரர். கொல்லையில் பந்தல் போட இடமிருக்கிறது, கடையில் வாங்குகிற இந்தப் பச்சைத் திராட்சையையே கொடியாக வைத்துவிட்டால் என்ன என்கிறார்.

மூவருமே "விதையில்லாதது, அதனால் எல்லாவற்றுக்கும் நல்லது" என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். விதையில்லாமல் இருப்பது கையில் எடுத்துச் சாப்பிட வசதி. ஜூஸுக்கும் நெய்ச்சட்டிக்கும் கொல்லைப் பந்தலுக்கும் பார்க்க வேண்டிய குணங்கள் வேறு.

## எதை வைத்து முடிவு செய்வது?

பழம் கடைசியில் எங்கே போய்ச் சேரப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. கையிலா, தயிர்சாதத்திலா, ஜூஸ் டம்ளரிலா, நெய்யிலா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும்.

அடுத்தது மாதம். மகாராஷ்டிரப் பச்சைத் திராட்சை தை கடைசியில் வரத் தொடங்கிச் சித்திரையில் ஓய்ந்துவிடும். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பல வீடுகளில் பணம் இறுகுகிற நேரமும், வண்டியில் பழம் குறைந்து விலை ஏறுகிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

மூன்றாவது, வீணாவது. தராசில் ஒரு கிலோ நிறுப்பது வேறு, வாய்க்குப் போவது வேறு. காம்பு, உதிர்ந்தது, நசுங்கியது, மறுநாள் புளித்தது எல்லாம் நாம் காசு கொடுத்தவைதான்.

நான்காவது தண்ணீர். வெளியூர்க்காரர்கள் இதைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். குடத்துக்கு இவ்வளவு என்று நல்ல தண்ணீர் வாங்கும் தெருக்களில் ஒரு கிலோ திராட்சையைச் சரியாகக் கழுவுவதும் ஒரு செலவு.

கடைசியாக, சாப்பிடப் போகிறவரின் வயதும் உடம்பும்.

## பச்சை சீட்லெஸ்

நாம் பொதுவாகச் "சீட்லெஸ்" என்று சொல்வது பெரும்பாலும் தாம்சன் சீட்லெஸ் அல்லது அதன் பங்காளிகள். வில்லியம் தாம்சன் என்பவர் 1870களில் கலிபோர்னியாவில் வளர்த்துப் பரப்பியதால் அந்தப் பெயர். பழம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. மேற்கு, மத்திய ஆசியாவில் அதற்குச் சுல்தானா என்றும் கிஷ்மிஷ் என்றும் பெயர். நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும் கிஸ்மிஸ் அந்தப் பெயரேதான். மகாராஷ்டிரத்தில் நாசிக், சாங்லி, சோலாப்பூர் பக்கமும் கர்நாடகத்தில் விஜயபுரா பக்கமும் இது பெருவாரியாக விளைகிறது. அங்கே தாம்சனிலிருந்து தேர்ந்தெடுத்த தாஸ்-ஏ-கணேஷ், மாணிக் சமன், நீளக்காய் சோனாகா என்று பல உண்டு. வண்டிக்காரரிடம், "அண்ணே, இது தாம்சனா, சோனாகாவா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுக்கா, நாசிக் பழம். எடுத்துத் தின்னு பாரு" என்றார். ரகத்தின் பெயரைவிட அந்த ஒரு பழத்தின் ருசிதான் நமக்கு உதவும், அவர் சொன்னது சரி.

ஒரு பழத்தை நீளவாக்கில் கத்தியால் கீறிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, நூல் துணுக்கு மாதிரி மெத்தென்று ஏதோ தெரியும். அதுதான் விதையாக வேண்டியது. பூ கருவுற்ற பிறகு விதை முதிராமல் பாதியில் நின்றுபோகிறது, பழம் மட்டும் வளர்கிறது. விதையில் சுரக்கும் வளர்ச்சிப் பொருள்தான் பழத்தைப் பருக்க வைப்பது என்பதால் விதையில்லாப் பழம் இயல்பில் சிறியது. அதனால் தோட்டத்தில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தோ, குலையை அதில் முக்கியோ காயை நீளவும் பெரிதாகவும் ஆக்குகிறார்கள். சிறுகாயாக இருப்பதைக் "கழிவு" என்று ஒதுக்காதீர்கள். நன்றாகப் பழுத்த சிறுகாய் பல நேரம் பெருங்காயைவிடத் தித்திப்பாக இருக்கும்.

வாங்கும்போது நம் ஊரில் எல்லோரும் செய்யும் தவறு, பச்சைப் பசேலென்று மினுங்கும் குலையைப் பொறுக்கி எடுப்பது. பச்சை என்றால் புதுசு என்று எண்ணம். திராட்சை பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம், வாழைப்பழம் போல வைத்திருந்து இனிக்க வைக்க முடியாது. புளிப்பாக வாங்கியது வீட்டுக்கு வந்து எத்தனை நாள் இருந்தாலும் புளிப்புதான். பழம் லேசாக மஞ்சளோடி, தேன் நிறம் தட்டியிருக்க வேண்டும். காம்பு பச்சையாக, வளைத்தால் ஒடியாமல் இருக்க வேண்டும். பழம் மஞ்சள், காம்பு பச்சை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காம்பு பழுப்பேறி முறுகியிருந்தால் பெட்டியில் பல நாள் இருந்த சரக்கு. குலையைத் தூக்கி உள்ளங்கைக்கு மேல் மெல்ல ஓர் அசைப்பு. நாலைந்து பழம் உதிர்ந்தால் அந்தக் குலை வேண்டாம். பழத்தின் மேல் படிந்திருக்கும் மெல்லிய வெண்சாம்பல் பூச்சு பழமே சுரக்கும் மெழுகு, மருந்து அல்ல. அது கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று பொருள்.

மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து, மதுரையில் இறங்கி, மறுபடி ஏறி, நம் உப்புக்காற்றில் வண்டியில் வெயிலோடு நிற்கிறது. போன நோன்பில் தோழி ஒரு மொத்தக் கடையில் பெட்டியாக எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். மேல் வரிசை பொன்னிறமாக, கண்ணைப் பறித்தது. வீட்டில் பிரித்துக் கொட்டினால் அடியில் இருந்தவற்றில் பாதி உதிரி, காம்படியில் ஈரம் கசிந்து புளித்த வாடை. அன்று இரவே இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். பெட்டியாக எடுப்பதானால் கடையிலேயே அடிவரிசையைப் பார்க்கக் கேளுங்கள், தயங்க வேண்டாம். சில பெட்டிகளில் பழத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். பூசணம் பிடிக்காமலிருக்கக் கந்தக வாயு கசியும் தாள் அது. பிள்ளைகள் கையில் கிடைக்காமல் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

கழுவுவதற்கு நான் செய்வது இது: வாங்கியதும் மொத்தத்தையும் கழுவாதீர்கள், ஈரம் பட்டால் விரைவில் கெடும். அன்றன்று தின்பதை மட்டும் காம்போடு சிறு கொத்தாகக் கத்தரித்து, போர்த் தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிறகு நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில். கழுவாதது ஓட்டை போட்ட கவரில் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

எதில் இது சிறப்பு? கையில் எடுத்துத் தின்பதில். கல்யாண வீட்டுத் தயிர்சாதத்தில் மாதுளை முத்துக்குப் பக்கத்தில் பாதியாக நறுக்கிய பச்சைத் திராட்சை கிடப்பதற்கு ஈடே கிடையாது, புளித்த தயிரோடு அதற்கு அப்படி ஒரு பொருத்தம். நோன்புத் தட்டில் பேரீச்சைக்கும் தர்பூசணிக்கும் நடுவே விதை துப்பும் வேலையில்லாமல் நாற்பது பேரும் எடுக்கலாம். ரமலான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2026இல் பிப்ரவரி பிற்பாதியில் தொடங்கிய நோன்பு 2028இல் ஜனவரிக் கடைசியில் தொடங்கும். ஆக இந்தச் சில ஆண்டுகளில் நோன்பும் சீட்லெஸ் பருவமும் ஒட்டியே வருகின்றன. பழத்தட்டுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மிஞ்சிப்போனதை எறியாதீர்கள். கழுவித் துடைத்து, காம்பு நீக்கி ஃப்ரீசரில் பரப்பி வையுங்கள். சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு அந்தக் கல் போன்ற பழத்தை வாயில் அடக்கிக்கொண்டால் குச்சி ஐஸ் தோற்கும். ஏமாந்து வாங்கிய புளிப்புப் பழத்துக்கும் வழியுண்டு. நறுக்கி, உப்பும் நம் முண்டு மிளகாய்த் தூளும் பிசறி, கடுகு தாளித்துக் கொட்டுங்கள். பழைய சோற்றுக்கு மாங்காய் கிடைக்காத மாதங்களில் என் வீட்டில் அதுதான்.

ஜூஸுக்கு மட்டும் இது வேண்டாம் என்பேன். நிறமும் இல்லை, வாசமும் இல்லை, அடித்த சற்று நேரத்தில் பழுப்பேறிவிடும். அதைச் சரிக்கட்டச் சர்க்கரையும் கலரும் போடுவார்கள். நல்ல பழத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சர்க்கரைத் தண்ணீராக ஆக்க வேண்டுமா?

## சின்னப் பிள்ளையும் சர்க்கரைக்காரரும்

சித்தி மகளுக்கு நான் சொன்னதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விதைதான் தொண்டையில் சிக்கும் என்று நாம் நினைக்கிறோம். முழுத் திராட்சைதான் ஆபத்து. உருண்டை, வழுவழுப்பு, சிறு பிள்ளையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கும் அளவு. விதையில்லாதது என்பதால் தைரியமாக முழுசாகக் கொடுத்துவிடுவோம் என்பதால் சீட்லெஸ்ஸில் இன்னும் கவனம் தேவை. ஐந்து வயதுவரை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், பயனில்லை. ஓடிக்கொண்டும் காரில் போய்க்கொண்டும் தின்னக் கூடாது.

மாமனார் விஷயத்தில் விதைக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லை. 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 16 முதல் 18 கிராம் சர்க்கரை. சிறு பழமானால் பதினைந்து எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் அது ஒரு வேளைக்குரிய பழம். குலையோடு முன்னால் வைத்தால் கணக்கு நிற்காது. ஜூஸாகக் கொடுப்பது கூடவே கூடாது. கிஸ்மிஸ் அதே பழம் நான்கு மடங்கு சுண்டியது, 100 கிராமுக்கு 300 கலோரி வரும். "ஒரு கைப்பிடிதானே" என்று அள்ளும் 30 கிராமுக்குப் பின்னால் 120 கிராம் பழம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிஸ்மிஸில் பொட்டாசியம் கூடுதல் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

## கருப்பு சீட்லெஸ்

பெரும்பாலும் சரத் சீட்லெஸ் என்ற ரகம். கிஷ்மிஷ் சோர்னி என்ற ரஷ்ய ரகத்தின் வழி வந்தது. இதுவும் மகாராஷ்டிரத்திலிருந்துதான் வருகிறது. பச்சையைவிட விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். நன்றாக இருக்கும் குலை மிக நன்றாக இருக்கும். ஆனால் கருப்பு நிறம் இனிப்புக்கு முன்னாலேயே ஏறிவிடுவதால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஒன்று தின்று பார்த்தே வாங்க வேண்டும். பழத்தட்டில் பச்சைக்குப் பக்கத்தில் நிறத்துக்காக அரைக் கிலோ வைக்கலாம். அதற்கு மேல் இதற்கென்று தனி வேலை நம் சமையலில் இல்லை.

## கம்பம் பன்னீர் திராட்சை

விதை உண்டு, தோல் மெல்லிசு, வாயில் போட்டால் பன்னீர் வாசம். மஸ்கட் ஹாம்பர்க் என்பது இதன் ரகப் பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இன்று தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் பந்தல் பந்தலாக நிற்கிறது. 2023இல் நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கிடைத்தது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் பிசைந்து தின்றவள் என்ற முறையில் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடைவரை எடுக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும், அதாவது கிளையை வெட்டிவிடும் மாதம் வேறுபடுவதால் சீட்லெஸ் மறைந்துபோகும் ஆடி, ஆவணியிலும் பன்னீர் கண்ணில் படும். 200 கிலோமீட்டர் சொச்சத்தில் வந்துவிடுகிறது. ஆனால் பக்கத்திலிருந்து வருகிறதே என்று நம்பி நாலு கிலோ வாங்கி வைக்க முடியாது. தோல் மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் கெட்டுப்போகும். வாங்கிய அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். அதுதான் இதன் மறைசெலவு. விதை துப்பும் வேலை இன்னொன்று. கூட்டத்துக்குப் பரிமாறும் தட்டில் பன்னீர் வைத்தால் பக்கத்தில் விதைக்கு ஒரு கிண்ணமும் வைக்க வேண்டும்.

ஜூஸ் என்று வந்தால் இதற்கு நிகர் வேறு திராட்சை இல்லை. நிறமும் வாசமும் தோலில் இருக்கின்றன. அவற்றை வெளியே கொண்டுவருவது சூடு. ஒரு கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் வையுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் தோல் வெடித்து, வெளிறிய சாறு கண்ணெதிரே கத்தரிப்பூ நிறமாகி, பிறகு நாவல்பழ நிறத்துக்கு மாறும். அப்போது இறக்கி மத்தால் மசித்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து துவர்ப்பும் கசப்பும் இறங்கும், பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறையாது. ஒரு கிலோவுக்கு எங்கள் வீட்டில் அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கெட்டிச் சாறு வரும். நாலைந்து பேருக்குத் தண்ணீரும் ஐஸும் சேர்த்துத் தாராளமாகக் கலக்கலாம். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருந்தால் பாட்டில் அடியில் பொடிப்பொடியாகப் படிகம் சேரும். தோழி முதல் முறை அதைப் பார்த்துக் கண்ணாடித் துகள் என்று பயந்து மொத்தத்தையும் கொட்டிவிட்டார். அது திராட்சையில் இயல்பாகவே இருக்கும் டார்டாரிக் அமில உப்பு, குளிரில் பிரிந்து படிவது. மேலாக ஊற்றிக்கொண்டால் போதும்.

வண்டியின் ஓரத்தில் தனியாகக் குவித்து வைத்திருக்கும் உதிரி பன்னீரைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்கலாம். அன்றே பொறுக்கி அன்றே கொதிக்க வைப்பதாக இருந்தால் மட்டும்.

## கிஸ்மிஸ்

பாயசம், சேமியா, நெய்ச்சோறு, பிரியாணி, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கிறிஸ்துமஸ் கேக். டிசம்பரில் உள்நாட்டுப் பச்சை சீட்லெஸ் பருவம் தொடங்கியிருக்காது, வெளிநாட்டுப் பழம் கட்டுப்படியாகாது. அப்போது கைகொடுப்பது கிஸ்மிஸ்தான்.

கடையில் மூன்று நிறத்தில் இருக்கும். பொன்னிறம் கந்தகப் புகை காட்டியது. இளம்பச்சை பெரும்பாலும் நிழலில் உலர்த்தியது. பழுப்பு வெயிலில் காய்ந்தது. சாங்லி பக்கம் பழத்தைப் பொட்டாசியம் கார்பனேட்டும் ஒரு வகை எண்ணெயும் கலந்த கரைசலில் முக்கி, மெழுகுப் பூச்சு இளகியதும் நிழற்கொட்டகையில் இரண்டு வாரம்போல் காயவிடுவார்கள். வீட்டில் இழுப்பு, ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பொன்னிறத்தைத் தவிர்த்துப் பழுப்பை வாங்குங்கள், கந்தகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பெரிய விதையுள்ள கருப்பு உலர்திராட்சை வேறு சரக்கு. மலச்சிக்கலுக்கு இரவு ஊறவைத்துக் காலையில் பிசைந்து கொடுப்பது அது. அதை நெய்யில் போட்டால் விதை பல்லில் இடறும்.

நல்ல கிஸ்மிஸைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சிறுதீயில் ஒரு ஸ்பூன் நெய் காயவைத்து நாலைந்து போடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகித் தோல் உப்பி, சின்னச் சின்னப் பலூனாக எழும்பும். எழும்பிய உடனே அரித்துவிட வேண்டும், இன்னும் சற்று விட்டால் சர்க்கரை கருகிக் கசக்கும். எவ்வளவு நேரமானாலும் சுருங்கியே கிடந்து கருகினால் பழைய சரக்கு. மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருப்பது பெரும்பாலும் சர்க்கரை. விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெறுநெறுக்கும். பஞ்சு மாதிரி இருந்து பூசண வாடை அடித்தால்தான் எறிய வேண்டும்.

நம் ஊரில் இதன் மறைசெலவு காற்று. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பூச்சி. இறுக மூடும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம் கவலையில்லை.

பழம் மலிந்த பங்குனியில் வீட்டிலேயே காயவைக்கலாமே என்று ஆசை வரும். ஒரு கிலோ கிஸ்மிஸுக்கு நான்கு, நாலரைக் கிலோ பழம் வேண்டும். பழத்தின் விலை கிஸ்மிஸ் விலையில் கால் பங்குக்கும் கீழே வந்தால்தான் காசு மிச்சம். மிச்சத்துக்காக இல்லாமல் கந்தகம் படாத கிஸ்மிஸ் வேண்டும் என்பதற்காகச் செய்யலாம். கொதிநீரில் போட்டுத் தோல் மயிரிழை வெடித்ததும் எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, மேலே வலைத்துணி மூடி நான்கைந்து நாள். சூரியன் சாயும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும், இரவுக் கடல்காற்றில் அத்தனை ஈரமும் திரும்ப ஏறிக்கொள்ளும். இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்தது: பக்கத்து மாடியில் கருவாடு காயும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். என் முதல் ஒரு கிலோவும் பாரைக் கருவாட்டு வாசத்தை வாங்கிக்கொண்டது. எத்தனை முறை கழுவியும் போகவில்லை.

## ஒரே பார்வையில்

| | பச்சை சீட்லெஸ் | கம்பம் பன்னீர் | கிஸ்மிஸ் |
|---|---|---|---|
| கிடைக்கும் காலம் | தை கடைசி முதல் சித்திரை வரை | ஆண்டின் பெரும்பகுதி | எப்போதும் |
| சிறந்த இடம் | கை, பழத்தட்டு, தயிர்சாதம், ஃப்ரீசர் | ஜூஸ் | நெய்ச்சட்டி, பாயசம், கேக் |
| தாங்கும் நாள் | ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் | ஒன்றிரண்டு நாள் | ஃப்ரிட்ஜில் ஆறு மாதம் |
| மறைசெலவு | அடிவரிசை உதிரி, கழுவும் தண்ணீர் | விதை, உடனே முடிக்க வேண்டிய அவசரம் | ஈரக்காற்று, பூச்சி |
| கவனம் | சிறுவருக்கு நான்காக வெட்டுதல் | மிக்ஸியில் அடிக்காமை | சர்க்கரை நான்கு மடங்கு, கந்தகம் |

தோழிக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு: பழத்தட்டுக்கு ஒரு பெட்டி பச்சை சீட்லெஸ், அடிவரிசை பார்த்து. ஜூஸுக்கு வாரம் இருமுறை எட்டு கிலோ பன்னீர், வாங்கிய அன்றே கொதிக்க வைக்க. நெய்ச்சோற்றுக்கு மாதம் முழுவதற்கும் ஒரு கிலோ பழுப்பு கிஸ்மிஸ். இரண்டாவது பெட்டி வேண்டாம்.

## கொல்லையில் கொடி

பெரியபட்டினத்துக்காரருக்குச் சொன்னது வேறு கணக்கு. மணற்பாங்கான நம் நிலத்தில் தண்ணீர் தேங்காது, அது கொடிக்கு நல்லது. சிக்கல் அந்தத் தண்ணீரே. மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் (உப்பை அளக்கும் அலகு) தாண்டினாலே திராட்சையின் விளைச்சல் சரியத் தொடங்கும். கடலோரத்தில் பல வீட்டுப் போர்த் தண்ணீரை ஊற்றினால் மண் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாகி உள்நோக்கி வருவதுதான் முதல் அறிகுறி. மகாராஷ்டிரத்தில் உப்பையும் வறட்சியையும் தாங்கும் டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியின் மேல் தாம்சனை ஒட்டித்தான் நடுகிறார்கள். வெறும் குச்சியை ஊன்றினால் அந்தப் பலம் கிடைக்காது. காவிரிக் குடிநீரைக் கொடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது, மழைநீர்த் தொட்டி இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

மழையும் ஒத்துவராது. மகாராஷ்டிரத்தில் அக்டோபரில் காய் பிடிப்பதற்கான கவாத்து செய்வார்கள், அப்போது அங்கே மழை ஓய்ந்திருக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழையே. இளந்தளிரும் பூவும் வரும் நேரத்தில் அடிச்சாம்பல் என்ற பூசண நோய் பிடித்துவிடும். மார்கழிக் கடைசிக்குத் தள்ளிக் கவாத்து செய்தால் நான்கு மாதம்போலக் கழித்துச் சித்திரையில் பழம் பார்க்கலாம். அப்போது கிளியும் வவ்வாலும் வரும், வலை வேண்டும்.

தாம்சனில் இன்னொரு நுணுக்கம், தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். அதன் கிளையில் அடியிலிருக்கும் கண்கள் (மொட்டுகள்) அவ்வளவாகப் பூக்காது, மேலே தள்ளியிருக்கும் கண்களில்தான் குலை வரும். அதனால் நீளமாக விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். பழக்கமில்லாதவர் ஒட்ட வெட்டிவிட்டு, வெறும் இலையாகவே வருகிறது என்று வருத்தப்படுவார். பன்னீர் அப்படியில்லை, குட்டையாக வெட்டினாலும் காய்க்கும். கொல்லையில் நிழலும் வேண்டும், நாலு குலையும் வேண்டும் என்பவருக்குப் பன்னீர் போதும். சீட்லெஸ்ஸை வண்டியில் வாங்கிக்கொள்ளலாம்.

அவர் கேட்டுக்கொண்டார். போன கார்த்திகையில் கம்பத்திலிருந்து நான்கு பன்னீர்க் குச்சிகள் வரவழைத்தார். சமையலறைக் கூரைத் தண்ணீரை ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து அதையே ஊற்றுகிறார். இரண்டு பட்டுவிட்டன. மீதி இரண்டில் தளிர் வந்து, ஒன்று பந்தல் காலில் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. இலை ஓரம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது என்று நேற்றுப் படம் அனுப்பினார்.